ஜோ ஏன் தூங்கினான்?

வாசகரே, உங்கள் வகுப்பிலும் ஒரு 'கும்பகர்ணன்' இருந்திருப்பான். ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் அவன் தலை மெல்லச் சாயும். பக்கத்தில் இருப்பவன் கிள்ளுவான். அவன் திடுக்கிட்டு விழிப்பான். வகுப்பு முழுவதும் சிரிக்கும். அவனுக்கு அந்தப் பெயரைச் சூட்டியது யார் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் பள்ளியை விட்டுப் போகும்வரை அந்தப் பெயர் அவனை விடாது.

ஆங்கில இலக்கியத்திலும் இப்படி ஒரு பையன் உண்டு. அவன் பெயர் ஜோ. சார்லஸ் டிக்கன்ஸ் எழுதி, 1836-37ல் மாதப் பகுதிகளாக வெளிவந்த 'பிக்விக் பேப்பர்ஸ்' என்ற நாவலில் அவன் வருகிறான். நாவலைத் தொடங்கியபோது டிக்கன்ஸுக்கு வயது 24. அதைப் படித்து இங்கிலாந்தே சிரித்தது. அறிவியல் இதழில் நாவலுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். ஏறத்தாழ 120 ஆண்டுகளுக்குப் பின் மருத்துவ உலகம் ஒரு நோய்க்கு இந்த நாவலின் பெயரையே வைத்தது. ஆகவே இந்த நாவலை ஒரு நோயாளியின் குறிப்பேடாகவும் படித்துப் பார்க்க நமக்கு உரிமை உண்டு. அப்படிப் படிக்கும்போது ஒன்று புலப்படுகிறது. டிக்கன்ஸின் கண் தவறவில்லை. அவருடைய தீர்ப்புத்தான் தவறியது. அந்தத் தீர்ப்பையே நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் நாம் இன்றும் வழங்கிக்கொண்டிருக்கிறோம்.

டிக்கன்ஸ் கண்டவை

ஜோ, வார்டில் என்ற கிராமத்துப் பெரியவரின் வேலைக்காரப் பையன். நான்காம் அத்தியாயத்தில் அவனை முதன்முதலாகச் சந்திக்கிறோம். இராணுவ ஒத்திகை நடக்கிறது. பீரங்கிகள் முழங்குகின்றன. கூட்டம் பரபரக்கிறது. வார்டிலின் திறந்த குதிரை வண்டியில், வண்டிக்காரன் இருக்கையில் அமர்ந்தபடி ஜோ தூங்குகிறான். பருத்த உடல், சிவந்த முகம். அவனை எழுப்பக் காலில் கிள்ளுவது ஒன்றே வழி என்கிறார் எஜமானர். எடுபிடி வேலைக்கு அனுப்பினால் வழியிலும் தூங்குவான். சாப்பாட்டு மேசையருகே பரிமாற நிற்கும்போதே குறட்டை விடுவான் என்றும் சொல்கிறார்.

இந்த விவரங்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். மிகையான உடற்பருமன், பகலில் அடக்க முடியாத தூக்கம், குறட்டை, சிவந்த முகம். இன்றைய மருத்துவர் தம் குறிப்பேட்டில் எழுதக்கூடிய நான்கு செய்திகளை, மருத்துவம் படிக்காத ஓர் இளைஞர் நகைச்சுவைக்காக எழுதிவிட்டார். சிவந்த முகத்துக்குக்கூடப் பின்வந்த மருத்துவர்கள் விளக்கம் கண்டார்கள். இரத்தத்தில் பிராணவாயு நெடுநாள் குறைந்திருந்தால், அதை ஈடுசெய்ய உடல் சிவப்பணுக்களைக் கூடுதலாக உற்பத்தி செய்யும். அதனால் முகம் செந்நிறம் கொள்ளலாம். டிக்கன்ஸுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. தம் காலத்தில் கண்ணில் பட்ட யாரோ ஒருவரை உற்றுக் கவனித்து எழுதியிருப்பார் என்றே எண்ணத் தோன்றுகிறது.

ஆனால், இதைக் கேட்கும் பிக்விக்கும் நண்பர்களும் வியக்கிறார்கள், வார்டில் பெருமைப்படுகிறார். இந்தப் பையன் இயற்கையின் ஓர் அதிசயம், எதற்காகவும் இவனை விடமாட்டேன் என்கிறார். இங்கேதான் நாவல் தன் தீர்ப்பை வழங்குகிறது. ஜோ சாப்பாட்டுக்கு விழிப்பான், வேலைக்குத் தூங்குவான். எனவே அவன் தின்றுகொழுத்த சோம்பேறி. வாசகர்களும் இப்படித்தான் புரிந்துகொண்டு சிரித்தார்கள்.

நாவலே சொல்லும் சாட்சி

இந்தத் தீர்ப்பு சரியா? நாவலிலிருந்தே இரண்டு காட்சிகளைச் சாட்சிக்கு அழைப்போம்.

முதலாவது, எட்டாம் அத்தியாயம். வார்டிலின் தங்கையிடம், பிக்விக்கின் நண்பரான டப்மன் கொடிப்பந்தலில் காதல் மொழி பேசுகிறார். திரும்பிப் பார்த்தால் ஜோ அசையாமல் நிற்கிறான். முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லை. தூங்கியிருப்பான் என்று இருவரும் ஆறுதல் அடைகிறார்கள். ஆனால் அவன் தூங்கவில்லை. கண்டதையெல்லாம் பிறகு வீட்டுக் கிழவியிடம் சொல்லிவிடுகிறான். "வேண்டும்போது விழித்திருக்கிறானே! அப்படியானால் மற்ற நேரத்தில் தூங்குவது பாசாங்குதானே?" என்று நீங்கள் கேட்கலாம். நோயாளிகளின் உறவினர்கள் மருத்துவரிடம் கேட்கும் கேள்வியும் இதுவே. விடை எளியது. பகல் தூக்கம் எல்லா நேரமும் ஒரே அளவில் இராது. பரபரப்பான செய்தியோ உணவோ எதிரே வந்தால் மூளை சிறிது நேரம் தூக்கத்தை ஒத்திவைக்கும். சலிப்பூட்டும் வேலையோ அசையாமல் உட்கார்ந்திருப்பதோ நேர்ந்தால் தூக்கம் திரும்பி வந்துவிடும். விளையாட்டில் சுறுசுறுப்பாக இருக்கும் பையன் வகுப்பில் தூங்குவதாலேயே அவன் பாசாங்கு செய்கிறான் என்று ஆகாது.

இரண்டாவது சாட்சி இதைவிட வலுவானது. நாவலின் இறுதிப் பகுதியில், 54ஆம் அத்தியாயத்தில், ஒரு வக்கீலின் அலுவலகக் கதவை யாரோ இடைவிடாமல் இடிக்கிறார்கள். குமாஸ்தா ஓடிவந்து திறக்கிறார். மிதியடிமேல் ஜோ கண்களை மூடியபடி நிற்கிறான். ஏன் இப்படி இடித்தாய் என்று கேட்டால், கதவு திறக்கும்வரை தட்டுவதை நிறுத்தாதே, நிறுத்தினால் தூங்கிவிடுவாய் என்று எஜமானர் சொல்லியனுப்பியதாகச் சொல்கிறான்.

வாசகரே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். சோம்பேறி கதவை இடிக்கமாட்டான். படியில் உட்கார்ந்து தூங்கிவிடுவான். இந்தப் பையனோ தன் தூக்கத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்கிறான். நாவல் முழுவதும் அவனைச் சோம்பேறி என்று காட்டிய டிக்கன்ஸ், தம்மையறியாமலே இங்கே அவனுக்காக வாதாடிவிடுகிறார். என் கருத்தில் ஜோவைப் பற்றிய மிக உண்மையான காட்சி இதுதான். ஆனால் இதற்கும் வாசகர்கள் சிரிக்கத்தான் செய்தார்கள்.

நானும் ஒருகாலத்தில் சிரித்தவன்தான். ஆசிரியராகப் பணியாற்றிய காலத்தில் என் வகுப்பில் ஒரு பையன் தூங்கிக்கொண்டே இருப்பான். எழுந்து நிற்கச் சொன்னேன். சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்கினான். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். பல மாதங்கள் கழித்து அவன் தாயார் வந்தார். இரவில் வாயைத் திறந்துகொண்டு பெருங்குறட்டை விடுகிறான். இடையிடையே மூச்சு நின்று திணறி எழுகிறான். இந்த வயதிலும் சில நாள் படுக்கையை நனைக்கிறான் என்றார். அவன் ஒல்லியான பையன். தொண்டையில் டான்சில் சதை பெருத்திருந்ததாக மருத்துவர் கண்டார். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அதே பையன் வகுப்பில் விழித்திருந்தான். அவன் மாறவில்லை, அவன் இரவு மாறிற்று. அதுவரை நான் திருத்தப் பார்த்ததெல்லாம் அவனுடைய பகலைத்தான்.

மருத்துவரும் பகலையே பார்த்தார்கள்

இந்தக் குற்றம் ஆசிரியர்களுக்கு மட்டும் உரியதன்று. 1889ல் ரிச்சர்டு கேட்டன் என்ற மருத்துவர் அடக்கமுடியாத தூக்கம் கொண்ட ஒரு நோயாளியைப் பற்றி இலண்டன் மருத்துவர் சங்கம் ஒன்றில் எடுத்துரைத்தபோது, அங்கிருந்தவர்களுக்கு ஜோவின் நினைவு வந்தது. ஆனால் அன்று அந்த நோய்க்கு இடப்பட்ட பெயர் நார்கோலெப்சி. 1880ல் ஷெலினோ என்ற பிரெஞ்சு மருத்துவர் சூட்டிய பெயர் அது.

ஜோவுக்கு நார்கோலெப்சி இருந்திருக்குமா? அந்நோயில் பகல் தூக்கம் மட்டுமன்றி, சிரித்தாலோ வியந்தாலோ முழங்கால் தளர்ந்து துவண்டு விழுவதும் பலருக்கு உண்டு. உறங்கப்போகும்போதோ விழிக்கும்போதோ கைகால் அசைக்க முடியாமல் சில கணங்கள் கிடப்பதும் உண்டு. நம் ஊரில் இதைப் 'பேய் அமுக்குகிறது' என்பார்கள். (இந்த அமுக்கல் மட்டும் எப்போதாவது ஒருமுறை வந்தால் அஞ்ச வேண்டியதில்லை, நலமாக உள்ளவர்களுக்கும் அது நேர்வதுண்டு.) ஜோ சிரித்துத் துவண்டு விழுந்ததாக நாவல் காட்டவில்லை. அவனுடைய குறட்டையும் உடற்பருமனும் வேறு திசையையே காட்டுகின்றன. தீராப் பசியும் பருமனும் கொண்ட, பிறவியிலேயே வரும் பிராடர்-வில்லி நோய் அவனுக்கு இருந்திருக்கலாம் என்றும் சிலர் கருதினார்கள். கதைமாந்தனுக்கு இரத்தப் பரிசோதனை செய்ய முடியாது. ஆகவே இறுதி முடிவு சொல்வது முறையன்று.

1956ல் அமெரிக்காவில் பர்வெல் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். மிகப் பருத்த உடல் கொண்ட ஒரு வணிக நிர்வாகி. சீட்டாட்டத்தில் மூன்று ஏஸ், இரண்டு ராஜா என்று வெல்லக்கூடிய சீட்டுகள் கைக்கு வந்த வேளையில் தூங்கிவிட்டார்! அதன் பிறகே மருத்துவமனைக்கு வந்தார். உடற்பருமனால் மூச்சு ஆழமாக ஓடாமல், இரத்தத்தில் கரியமில வாயு மிகுந்து, பிராணவாயு குறைந்திருப்பதை அவர்கள் கண்டார்கள். அந்நிலைக்குப் 'பிக்விக் நோய்க்குறித் தொகுதி' என்று பெயரிட்டார்கள்.

பெயர் சுவையானது. ஆனால் அதனால் தீமையும் விளைந்தது எனலாம். பிக்விக்குக்கு அந்த நோய் இல்லை, ஜோவுக்குத்தான் இருந்தது. நோய்க்குப் பெயர் வைத்தபோதும் அந்தப் பையன் விடுபட்டுப்போனான். நாவலின் சிரிப்பு மட்டும் ஒட்டிக்கொண்டது. இது பருத்தவர்களின் நோய், கொஞ்சம் வேடிக்கையான நோய் என்ற எண்ணமும் அதனுடன் சேர்ந்தே வந்தது. அந்தப் பழைய பெயர் இன்று பெரும்பாலும் கைவிடப்பட்டு, உடற்பருமனால் வரும் மூச்சுக்குறை என்றே அந்நிலை குறிக்கப்படுகிறது.

அதைவிடப் பெரிய குறை ஒன்றும் இருந்தது. குறட்டையை டிக்கன்ஸ் 1836லேயே எழுதிவிட்டார். ஆனால் அந்தக் குறட்டைக்குள் என்ன நடக்கிறது என்று இரவு முழுவதும் கருவிகளோடு காத்திருந்து பார்க்க 1965 வரை ஆயிற்று. அவ்வாண்டில் பிரான்சில் காஸ்தோவின் குழுவும், ஜெர்மனியில் யுங், குலோ என்ற இருவரும் தனித்தனியே அதைப் பதிவு செய்தார்கள். உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. மூச்சுக்குழல் அடைபடுகிறது. மார்பும் வயிறும் இழுக்கின்றன. ஆனால் காற்று உள்ளே போவதில்லை. 10 விநாடி, 20 விநாடி, சிலருக்கு அதற்கு மேலும் இப்படி நீடிக்கும். பிராணவாயு குறைகிறது. மூளை திடுக்கிட்டு ஒரு கணம் விழிக்கிறது. பெருஞ்செருமலுடன் மூச்சு திரும்புகிறது; மீண்டும் உறக்கம்; மீண்டும் அடைப்பு. கடுமையான நோயில் இது மணிக்கு 30 தடவைக்கு மேலும் நிகழும். காலையில் அவருக்கு எதுவும் நினைவிராது. எட்டு மணி நேரம் நன்றாகத் தூங்கினேன் என்றே சொல்வார். இதுதான் உறக்க மூச்சுத்தடை. பர்வெல் கண்ட மூச்சுக்குறை வேறு, இது வேறு. ஆனால் இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பது மிகச் சாதாரணம்.

இரவுச் சாட்சிகள்

தூங்குபவனுக்குத் தன் நோய் தெரியாது. பக்கத்தில் விழித்திருப்பவரே சாட்சி. இந்த உண்மையை டிக்கன்ஸுக்கு இரண்டு நூற்றாண்டுக்கு முன்பே ஷேக்ஸ்பியர் நன்கு உணர்ந்திருந்தார். 'மாக்பெத்' நாடகத்தின் ஐந்தாம் அங்கத்தில் மாக்பெத்தின் மனைவி உறக்கத்தில் நடக்கிறாள். பணிப்பெண் மருத்துவரிடம் அதைச் சொல்கிறாள்: எழுந்தாள், மேலங்கி அணிந்தாள், தாளை எடுத்து எழுதினாள், மீண்டும் படுத்தாள். கண்டதை வரிசைப்படி சொல்கிறாள். தன் கருத்து எதையும் கலக்கவில்லை. மருத்துவரோ இரண்டு இரவுகள் காத்திருந்தும் எதையும் காணாமல், மூன்றாம் இரவும் வந்து நிற்கிறார். அவள் வந்ததும் பேச்சைக் குறித்துக்கொள்கிறார். உறக்கத்தில் நடந்தவர்களிலும் நல்ல சாவு அடைந்தவர்களைத் தாம் கண்டிருப்பதாகவும் சொல்கிறார். எவ்வளவு நிதானமான மருத்துவர்!

ஆனால் நாடகம் காட்டும் காரணத்தை நாம் அப்படியே ஏற்கக் கூடாது. உறக்கத்தில் நடப்பது குற்ற நெஞ்சின் அடையாளம் அன்று. ஆழ்ந்த உறக்கத்திலிருந்து மூளையின் ஒரு பகுதி மட்டும் விழித்துக்கொள்வதால், பெரும்பாலும் இரவின் முதல் மூன்றிலொரு பங்கில் இது நேர்கிறது. குழந்தைகளிடமே மிகுதி, வளர வளரப் பலருக்கும் நின்றுவிடும். காய்ச்சலும் தூக்கக்குறைவும் அதைத் தூண்டலாம். நடப்பவரை உலுக்காமல் மெல்லப் படுக்கைக்கு அழைத்துச் செல்லுங்கள். மொட்டைமாடியில் படுக்க விடாதீர்கள்.

அதே காலத்தில், 1605ல் வெளிவந்த 'டான் குவிஹோட்டே' நாவலில் செர்வாண்டிஸ் வேறொன்றைக் காட்டுகிறார். நாயகன் உறக்கத்திலேயே வாளைச் சுழற்றி, அரக்கன் என்று எண்ணி, ஒயின் நிறைந்த தோற்பைகளைக் கிழிக்கிறான். அவன் கண்கள் மூடியிருந்தன என்று ஆசிரியர் குறிப்பிடுகிறார். மாக்பெத்தின் மனைவிக்கோ கண்கள் திறந்திருந்தன! இந்தச் சிறு வேறுபாடு மருத்துவருக்குப் பெரிய தடயம். கனவு காணும் உறக்கத்தில் நம் கைகால்கள் இயல்பாகவே செயலற்றிருக்கும். அந்தப் பூட்டு பழுதானால், கனவில் சண்டையிடுபவர் கட்டிலிலும் சண்டையிடுவார். 1986ல் அமெரிக்காவில் ஷெங்க், மஹோவால்டு ஆகியோர் இதைத் தனி நோயாக விளக்கினார்கள். 50 வயதைக் கடந்தவர்களிடம் இது தோன்றினால் நரம்பியல் மருத்துவரைப் பார்ப்பது அவசியம். பிற்காலத்தில் வரக்கூடிய பார்க்கின்சன் போன்ற நோய்களுக்கு இது முன்னறிவிப்பாக இருக்கலாம். செர்வாண்டிஸின் விடுதிக்காரன் ஆத்திரத்தில் அவனைக் குத்தினான். நாம் அப்படிச் செய்ய வேண்டாம்.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

நாவலைப் படித்து முடித்தோம். இனி உங்கள் வீட்டைப் பாருங்கள்.

1. ஒவ்வோர் இரவும் உரத்த குறட்டை, இடையில் மௌனம், பிறகு திணறல்: இது உறக்க மூச்சுத்தடையின் முதன்மைக் குறி. காலைத் தலைவலி, வாய் வறட்சி, இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுதல், எரிச்சல், மறதி, அடங்காத இரத்தக் கொதிப்பு ஆகியவையும் உடன் வரலாம். ஒல்லியானவர்களுக்கும், தாடை சிறுத்தவர்களுக்கும், மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் இது வரும்.

2. குழந்தை வாயால் மூச்சுவிட்டுக் குறட்டை விட்டால் டான்சில், அடினாய்டு சதைகளைப் பரிசோதிக்கச் செய்யுங்கள். சில குழந்தைகள் பகலில் தூங்குவதற்குப் பதிலாக அடங்காமல் துள்ளித் திரியும்.

3. படுத்தும் தூக்கம் வராமை, அல்லது நடுவில் விழித்து மீண்டும் தூங்க இயலாமை, வாரத்துக்கு மூன்று இரவு வீதம் மூன்று மாதம் நீடித்தால் அது நாட்பட்ட தூக்கமின்மை. தாமாகவே தூக்க மாத்திரை வாங்கி விழுங்கக் கூடாது. மூச்சுத்தடை உள்ளவர்களுக்குச் சில மாத்திரைகளும் மதுவும் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்திவிடும்.

4. மாலையிலும் இரவிலும் கால்களை அசைத்தே தீரவேண்டும் என்ற தவிப்பு, நடந்தால் ஆறுதல்: இது அமைதியற்ற கால் நோய். இரும்புச் சத்துக் குறைவும் காரணமாக இருக்கலாம்.

5. தூங்குவதற்கு நேரமே கொடுக்காமல் பகலில் தூக்கம் வந்தால் அது நோயன்று, கடன். வளரிளம் பருவத்தினருக்கு நாளுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை. தேர்வுக்காக விழித்திருக்கும் மாணவர்கள் இதைக் கருத்தில் கொள்ளவும்.

ஆஸ்திரேலிய மருத்துவர் மரே ஜான்ஸ் 1991ல் எட்டுக் கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை வகுத்தார். எப்வர்த் அளவுகோல் என்பது அதன் பெயர். படிக்கும்போது, தொலைக்காட்சி பார்க்கும்போது, ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது தூங்கிவிட எவ்வளவு வாய்ப்பு என்பதுபோல அது கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 24. 10க்கு மேல் போனால் மருத்துவரை நாடவேண்டும். பகலில் வாகனம் ஓட்டும்போது கண் சொருகுகிறவர் மதிப்பெண் கூட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வண்டியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்கட்டும்.

மூச்சுத்தடைக்குச் சிகிச்சை உண்டு. 1981ல் ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன், முகமூடி வழியாகச் சிறு அழுத்தத்தில் இடைவிடாமல் காற்றைச் செலுத்தி, தொண்டை மூடாமல் காக்கும் முறையை வெளியிட்டார். அதற்கு முன்பு கடும் நோயாளிகளுக்குக் கழுத்தில் துளையிடுவதே வழியாக இருந்தது. எடையைக் குறைப்பதும், பக்கவாட்டில் படுப்பதும் பலருக்கு உதவும்.

'பிக்விக் பேப்பர்ஸ்' நல்ல நாவல். கிடைத்தால் படியுங்கள், சிரியுங்கள். ஆனால் ஜோ கதவை இடிக்கும் பக்கம் வரும்போது சிரிப்பைச் சற்று நிறுத்திவிட்டு, உங்கள் வகுப்பின் கடைசிப் பெஞ்சைத் திரும்பிப் பாருங்கள். அங்கே ஒருவன் சாய்ந்திருந்தால் அவனைக் கிள்ள வேண்டாம். "இரவில் எப்படித் தூங்குகிறாய்?" என்று அவனிடம் கேட்காதீர்கள், அது அவனுக்குத் தெரியாது. அவன் அம்மாவைக் கேளுங்கள்.